குடியிருப்பு பிரான்சில், பாதி வேலை ஜெர்மனியில்: சமூகப் பாதுகாப்புச் சந்தா யாருக்கு?

கேள்வி:
பிரான்சில் குடியிருந்து சுயதொழிலாக மென்பொருள் வேலை செய்கிறேன், சமூகப் பாதுகாப்புச் சந்தாவை அதை வசூலிக்கும் பிரெஞ்சு அமைப்பான உர்சாஃப்புக்கு ஒழுங்காகக் கட்டிவருகிறேன். போன மாதத்திலிருந்து ஒரு ஜெர்மன் வாடிக்கையாளருக்காக வாரம் இரண்டு நாள் அங்கேயே போய் வேலை செய்கிறேன், மீதி மூன்று நாள் வீட்டிலிருந்து. இப்போது அந்த வாடிக்கையாளர் தரப்பில், எந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பு எனக்குப் பொருந்தும் என்று காட்டும் ஏ1 சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். பணம் ஜெர்மனியிலிருந்து வருவதால் அங்கேயும் சந்தா கட்ட வேண்டுமா? இரண்டு பக்கமும் கட்டினால் கையில் என்ன மிஞ்சும்?

பதில் 1:
இரண்டு பக்கமும் கட்டத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 விதிப்படி ஒரு நேரத்தில் ஒரு நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விடுங்கள், நீங்கள் எங்கே இருந்து வேலை செய்கிறீர்கள் என்பதுதான் பேச்சு. வேலையில் கணிசமான பங்கு குடியிருக்கும் நாட்டில் நடந்தால் அந்த நாட்டுக்குத்தான் சந்தா. 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கணிசம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நேரம், வருமானம், விற்றுமுதல் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். ஐந்தில் மூன்று நாள் என்றால் உங்களுக்குக் கவலையே இல்லை. உர்சாஃப்பிடமே ஏ1 கேளுங்கள்.

பதில் 2:
விண்ணப்பத்தில் 'தற்காலிகமாக அனுப்பப்படுபவர்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், நான் அப்படிச் செய்து இரண்டாம் முறை எழுத வேண்டியதாயிற்று. அது 24 மாதத்துக்குள் முடியும் ஒரு வேலைக்காகப் போகிறவர்களுக்கு. நீங்கள் இரண்டு நாட்டில் வழக்கமாக வேலை செய்பவர். போன மாதமே தொடங்கிவிட்டோமே என்று பயப்படவும் வேண்டாம், சான்றிதழைக் கடந்த தேதியிலிருந்தே செல்லும்படியும் தரலாம். பிரிட்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் பாடப் போன சுயதொழில் ஓபரா பாடகர்களின் வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது.

கேட்டவர்:
நன்றி, பாதி உயிர் வந்தது. ஆனால் அந்த வாடிக்கையாளர் தரப்பில் இன்னொன்றும் சொல்கிறார்கள்: 'இந்தச் சான்றிதழ் தொல்லையே வேண்டாம், அந்த இரண்டு நாளுக்கு உங்களைப் பகுதிநேர ஊழியராகவே எடுத்துக்கொள்கிறோம்.' சரி என்று சொல்லிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள்! ஒரு நாட்டில் ஊழியர், இன்னொரு நாட்டில் சுயதொழில் என்றால் ஊழியராக இருக்கும் நாட்டின் சட்டம்தான் மொத்தத்துக்கும். அதாவது பிரான்சில் நீங்கள் தனியாகச் சம்பாதிப்பதும் ஜெர்மன் கணக்கில் போய்விடும். பெயருக்குச் செய்யும் மிகச் சிறிய வேலையாக இருந்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஆனால் வாரம் இரண்டு நாளை அப்படிச் சொல்ல முடியாது. இதில் நஷ்டம்தான் என்றும் சொல்லமாட்டேன்; ஜெர்மனியில் பெரும்பாலான சுயதொழில்காரர்களுக்கு ஓய்வூதியக் காப்பீடு கட்டாயமில்லை, அதனால் கட்டுவது குறையலாம், வயதான பிறகு வருவதும் அதற்கேற்பக் குறையும். மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

கேட்டவர்:
வருமான வரியும் இதே மாதிரிதானா?

பதில் 2:
இல்லை. அதற்கு இரு நாடுகளுக்கும் இடையே தனி ஒப்பந்தம் இருக்கிறது. ஏ1 அங்கே செல்லாது.