நீர் ஊறும் மணல் நிலத்தில் இரட்டைக் குழிக் கழிப்பறை: கட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாகை கடலோரக் கிராமம். ஐப்பசியில் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பி, பீங்கானில் எதிர்த்து வருகிறது. ஊர்க்குழுவாகப் புதுக்குழிகள் வெட்டப் போகிறோம்.

குழி வாயை வெள்ள மட்டத்துக்கு மேல் 300 மி.மீ. உயர்த்தி, சுற்றிலும் 1.5 மீட்டர் மண் கொட்டி இறுக்குவோம். குழிகளுக்கிடையே 1 மீட்டர். கழிவை ஏதாவது ஒரு குழிக்குத் திருப்பிவிடும் பிரிப்புத் தொட்டியில் ஒரு வாய் எப்போதும் அடைபட்டிருக்க வேண்டும்; இரண்டும் திறந்திருந்தால் இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பும், மக்க அவகாசமே இருக்காது. நிரம்பியது 2 ஆண்டு மூடிக் கிடக்கும்.

கவலை அடிபம்புத் தண்ணீரில் குழிக் கழிவு கசிந்துவிடுமோ என்பதுதான்: குழியிலிருந்து 10 மீட்டர் தூரம், பருமணல். குழியைச் சுற்றி 500 மி.மீ. நுண்மணல் உறை போட்டு, அடியைச் சிமெண்டால் அடைப்பதுதான் வழிமுறை. குழிச் சுவரின் செங்கல் இடைவெளி வழியே நுண்மணல் உள்ளே சரியாமல் எப்படி நிரப்பினீர்கள்? அடி அடைத்த குழியில் அடைமழையில் நீர் வடிகிறதா? புரட்டாசிக்குள் வேலை முடியவேண்டும். தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.