உறைகிணற்றில் விழுந்த வாளி, பித்தளைக் குடம்: பாதாளக்கரண்டி போடுவது எப்படி?

கொல்லைப்புறம்:
வணக்கம். வீட்டு உறைகிணறு, உள்விட்டம் 3 அடி, ஆழம் 30 அடி, இப்போது 12 அடி தண்ணீர் நிற்கிறது. உள்ளே இரும்பு வாளி ஒன்றும் பித்தளைக் குடம் ஒன்றும் கிடக்கின்றன. வாளியில் நாலைந்து அடி நைலான் கயிறு அறுந்த நிலையில் இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாரும் உள்ளேதான் தொங்குகிறது. பாதாளக்கரண்டி (கிணற்றில் விழுந்ததை மாட்டி எடுக்கும் கொக்கிக் கொத்து) இரவல் கிடைத்திருக்கிறது, ஆனால் போட்டுப் பழக்கமில்லை. காந்தம் போதும் என்கிறார் கடைக்காரர். எதில் தொடங்குவது? ஆள் இறக்கலாமா?

கிணற்றடி:
ஆள் இறக்க வேண்டாம். இரண்டு பாத்திரத்துக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை.

முதலில் மோட்டார். மெயினை அணைத்து ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, பைப்போடும் கயிற்றோடும் மோட்டாரை வெளியே எடுங்கள். கொக்கி கேபிளில் மாட்டினால் தோல் கிழியும், பிறகு தண்ணீரில் கரண்ட் கசியும். 3 அடிக் கிணற்றில் மோட்டாரை விட்டுவிட்டுத் துழாவ இடமும் கிடையாது.

அடுத்தது வெளிச்சம். வெயில் ஏறிய பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கிணற்று மேட்டில் சாய்த்துப் பிடித்து வெயிலை உள்ளே திருப்புங்கள். தண்ணீர் கலங்காமல் இருந்தால் அடித்தரை தெரியும். வாளி எந்தப் பக்கம், குடம் எந்தப் பக்கம் என்று உறையின் விளிம்பில் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள். கரண்டி ஒருமுறை தரையைத் தொட்டாலே கலங்கிவிடும், பிறகு அந்தக் குறிதான் துணை.

கயிறு 10 மி.மீ. நைலான், குறைந்தது 40 அடி. மறுநுனியைத் தூணிலோ கப்பிக் கட்டையிலோ கட்டாமல் கரண்டியை இறக்காதீர்கள். இரவல் கரண்டியும் உள்ளே போனால் தேட இன்னொரு கரண்டி வேண்டும். (சில ஊர்களில் கரண்டி கேட்டால் பாத்திரம் ஒன்றை ஈடாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். காரணம் இதுதான்.)

கரண்டி தரையைத் தொட்டதும் கயிறு தளரும். அந்த இடத்தில் ஒரு துணி முடிச்சு. பிறகு அரையடி தூக்கி, விளிம்பை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று நடங்கள். மறுபடி தரைக்கு இறக்கி, ஒரு சாண் இழுத்துப் பாருங்கள். கொக்கி மாட்டினால் கயிறு இறுகும். வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும், சீராக இழுங்கள். உங்கள் வாளிக்கு நைலான் கயிறு கிடப்பது நல்லது. நைலான் தண்ணீரில் அமிழும் என்பதால் அது தரையோடு கிடக்கும். தரையை ஒட்டி இழுத்தால் கொக்கியில் சுற்றிக்கொள்ளும்.

பெரும்பாலும் நழுவுவது தண்ணீர் மட்டத்தில்தான். உள்ளே இருக்கும்வரை கனம் தெரியாது. 15 லிட்டர் வாளி நிறையத் தண்ணீரோடு வெளியே வரும்போது 15 கிலோவுக்கு மேல் திடீரென்று கையில் இறங்கும். வாளியின் வாய் மேலே தெரிந்ததும் நிறுத்துங்கள். இன்னொருவர் வேறொரு கயிற்றில் கட்டிய கொக்கியைக் கைப்பிடியில் மாட்டட்டும். பிறகு இருவரும் சேர்ந்து தூக்குங்கள்.

வெல்டிங் பட்டறை:
காந்தம் பற்றி. இரும்பு வாளியைப் பிடிக்கும், பித்தளைக் குடத்தைப் பிடிக்கவே பிடிக்காது. செம்பு, அலுமினியம், தங்கம் எதுவும் ஒட்டாது. எவர்சில்வர் பாத்திரங்களும் பெரும்பாலும் ஒட்டாது. பெட்டியில் 100 கிலோ இழுவை என்று போட்டிருப்பது தடித்த, சமமான, சுத்தமான இரும்புத் தகட்டில் நேராக இழுத்தால்தான். வாளியின் மெல்லிய, வளைந்த தகட்டில் அதில் சிறு பங்குகூடத் தேறாது. உறையில் கம்பி வெளியே தெரிந்தால் காந்தம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கயிறு முறுக்கிக்கொள்ளும்போது வளையத்தின் மரையும் கழலும், ஸ்பிரிங் வாஷர் போடுங்கள்.

இரவல் கரண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு சொந்தமாக ஒன்று வேண்டுமென்றால்: 8 மி.மீ. கம்பியில் 8 கொக்கி, வாய் ஒன்றரை அங்குலம், முனை சற்று உள்நோக்கி. நடு வளையத்தில் நேராக வெல்டு வைக்காமல் இரண்டு மூன்று கண்ணி சங்கிலியில் தொங்கவிடுங்கள். தரையைத் தொட்டதும் கொக்கிகள் நாலாபக்கமும் பரவிப் படுக்கும்.

கொல்லைப்புறம்:
வாளி வந்துவிட்டது, மிக்க நன்றி. குடம் தலைகீழாகச் சேற்றில் புதைந்திருக்கிறது, அடிப்பாகம் மட்டும் தெரிகிறது. கொக்கி வழுக்குகிறது.

கிணற்றடி:
குடத்தில் கொக்கி பிடிக்கும் இடம் கழுத்து மட்டும்தான். அது சேற்றுக்குள் இருக்கும்வரை எத்தனை சுற்று சுற்றினாலும் பயனில்லை, பித்தளையில் கீறல்தான் விழும். முதலில் சேற்றை இளக்குங்கள். தோட்டத்து ஹோஸ் குழாயின் நுனியில் ஒரு முழ இரும்புக் கம்பியைச் சேர்த்துக் கட்டி இறக்கி, மேல்தொட்டித் தண்ணீரை வேகமாகத் திறந்து, குடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பத்து நிமிடம் பாய்ச்சுங்கள். அந்தப் பக்கம் பள்ளம் விழுந்து குடம் சாயும். இரவு முழுக்கத் தெளியவிட்டு, காலையில் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகு கரண்டி போடுங்கள். வாய்க்குள் ஒரு கொக்கி நுழைந்தால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஈரமண்:
அதற்கும் அசையாவிட்டால் தண்ணீரைக் குறைக்கலாம். 3 அடி உறையில் ஓர் அடிக்கு ஏறக்குறைய 200 லிட்டர், 12 அடிக்கு 2,400 லிட்டர்தான். மோட்டாரைத் தரைக்கு மேலே 4 அடியில் தொங்கவிட்டு, அது மூழ்கியிருக்கும் அளவோடு நிறுத்துங்கள். மணற்பாங்கான ஊரென்றால் ஒரேயடியாக இறைக்காதீர்கள். வெளியே இருக்கும் மணல் உள்ளே வந்து உறை இறங்கிவிடும். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, புகை உள்ளேயே தங்கும்.

தண்ணீர் குறைந்ததும் யாராவது "நான் இறங்கி எடுத்துவிடுகிறேன்" என்று கிளம்புவார்கள், தடுத்துவிடுங்கள். விளக்கை இறக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். சுடர் அணையவில்லை என்பது மூச்சுவிடலாம் என்பதற்குச் சான்று ஆகாது. சேற்றைக் கிளறும்போது வெளிவரும் நச்சுவாயுவை அது காட்டாது, மீத்தேன் இருந்தால் தீயே பிடிக்கும். ஆள் உள்ளே மயங்கினால் பின்னாலேயே யாரும் குதிக்காமல் 101-ஐக் கூப்பிடுங்கள்.