ரோட்டின் நடுவே திட்டு கட்டச் சொன்னால் வீண்செலவு என்கிறார்கள், என்ன பதில் சொல்வது?

மூலைவீட்டுக்காரன்:
எங்கள் குடியிருப்பு வாசலில் நாலு லேன் ரோடு, எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப். கடக்கிற இடத்தில் வெள்ளைக்கோடு மட்டும் இருக்கிறது, அதுவும் பாதி அழிந்துவிட்டது. நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு கட்டவும், கடக்கிற இடத்தைக் கொஞ்சம் மேடாக்கவும் கேட்டு மனு எழுதுகிறோம். ஆனால் எங்கள் சங்கத்து ஆட்களே, "எப்பவோ ஒருத்தர் அடிபடுறார், அதுக்கு இவ்வளவு செலவா?" என்கிறார்கள். அடிபடுவதால் ஆகிற செலவை எப்படிக் காட்டுவது? "உயிருக்கு விலை ஏது" என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். அதை முதல் வரியிலேயே மடித்து வைத்துவிடுவார்கள்.

பிசியோ_அக்கா:
நான் பிசியோதெரபிஸ்ட். கார் பம்பர் நடந்து போகிறவரைப் பெரும்பாலும் முழங்காலை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் அடிக்கும். அப்படிக் கால் எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்து, எங்களிடம் வருகிறார்கள். ஆஸ்பத்திரி பில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மற்ற செலவைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு தையல்காரரைச் சொல்கிறேன். எலும்பு நன்றாகவே கூடிவிட்டது, எக்ஸ்ரே பார்த்தால் குறை சொல்ல முடியாது. கணுக்கால்தான் மடங்கவில்லை. பெடலை மிதிக்க முன்பாதம் இறங்க வேண்டும், உடனே குதிகால் இறங்க வேண்டும். அந்தச் சின்ன அசைவு போனதில் தொழிலே போய்விட்டது. அவரைக் கூட்டிவர மகள் வேலையை விட்டாள். விபத்துப் பதிவில் அவர் "காயம்" என்ற ஒற்றைச் சொல். மகளுக்கு அதில் இடமே கிடையாது.

திட்டு கட்டுகிற காசு ஒரே துறையின் கணக்கில், ஒரே வருஷத்தில் விழுகிறது. அடிபட்ட செலவோ ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், முதலாளி, குடும்பம் என்று ஆளுக்குக் கொஞ்சமாகப் பல வருஷம் சிதறிப்போகிறது. அதனால்தான் முதலாவது பெரிதாகத் தெரிகிறது. மனுவில் இதை எழுதுங்கள். பெரிய எண் வேண்டுமென்றால், சாலை விபத்துகளால் பெரும்பாலான நாடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 சதவீதத்தை இழக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021-இல் உலகம் முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர், அதில் ஐந்தில் ஒருவர் பாதசாரி.

நேர்வழி:
போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்குகிறவர்களுக்குத் திட்டு கட்டி என்ன ஆகப்போகிறது? முதலில் ஜனங்களைத் திருத்துங்கள்.

சிக்னல்_சார்:
சரி, போனே இல்லாத ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு 14 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கிறவர் 12 விநாடியில் கடந்துவிடுவார். 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கிற பாட்டிக்கு 17 விநாடிக்கு மேல் ஆகும், அதுவும் இரண்டு பக்கத்து வண்டியையும் ஒரே நேரத்தில் கணித்தபடி. நடுவில் திட்டு இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு பக்கம், 9 விநாடிக்குள் முடிந்தது.

நாலு லேனில் இன்னொரு வில்லங்கம் உண்டு. முதல் லேன்காரர் மரியாதையாக நிறுத்துவார். அவர் வண்டி மறைப்பதால் அடுத்த லேனில் வருகிறவருக்கு நடப்பவர் தெரியமாட்டார். பெரிய அடி விழுவது அங்கேதான். வண்டி நிற்கும் கோட்டைச் சில மீட்டர் பின்னால் தள்ளிப் போடுங்கள், பார்வை திறக்கும். இதற்கு ஆகிற செலவு பெயின்ட்தான்.

மேடாக்குவது வேகத்துக்காக. மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறவர் பிரேக்கில் கால் வைக்கும் ஒரு விநாடிக்குள் 14 மீட்டர் வந்துவிடுவார். 30 என்றால் 8 மீட்டர்தான். திருத்தாத ஜனங்களும் அந்த 6 மீட்டரில் பிழைப்பார்கள், நேர்வழி சார். நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் வேகத்தைக் குறைத்து, கார் நிறுத்தும் இடங்களையும் எடுத்தார்கள். 2019-இல் அங்கே ஒரு பாதசாரிகூட வண்டி மோதிச் சாகவில்லை.

நடைமேம்பாலம் தருகிறோம் என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். முட்டிவலிக்காரர் ஏறமாட்டார், கீழேயே ஓடுவார்.

மூலைவீட்டுக்காரன்:
நன்றி சார், நன்றி அக்கா. எங்கள் ரோட்டில் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதற்குப் போலீஸ் கணக்கு போதுமா?

பிசியோ_அக்கா:
போதாது தம்பி. அங்கேயே பேசி அனுப்பிவிட்ட கேஸ் எதுவும் அதில் வராது. பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். பெயர் வேண்டாம், வயது, எந்த உறுப்பில் அடி, எத்தனை நாள் படுக்கை, இது போதும். பஸ் ஸ்டாப்பில் பூவோ பேப்பரோ விற்கிறவர் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். மயிரிழையில் தப்பினவர்களின் கணக்கு அவரிடம்தான் இருக்கும், எந்த ஏட்டிலும் கிடைக்காது.