ட்ரெய்லர் கேஸ் லைன்ல கேம்ப் ஸ்டவ் மாட்டினா தீயே வரமாட்டேங்குது, அவசரம்

சார்லட்வாசி:
வணக்கம், கார் பின்னாடி இழுத்துட்டு போற யூஸ்டு கேம்பிங் ட்ரெய்லர் ஒண்ணு வாங்கிருக்கோம், வெள்ளிக்கிழமை ஸ்மோக்கி மவுன்டன்ஸ் கிளம்பறோம், அம்மா ஊர்லேந்து வந்திருக்காங்க. மீன் வறுத்தா வாசனை மெத்தையில எல்லாம் ஏறிடும்னு வெளியில வச்சு சமைக்கலாம்னு ப்ளான். கேம்ப் ஸ்டவ்ல மாட்டற, ஒரு தடவை யூஸ் பண்ணி எறியற குட்டி பச்சை சிலிண்டர் வாங்கி மாளல, அதனால ட்ரெய்லர் ப்ரொபேன்லயே கேம்ப் ஸ்டவ்வ மாட்டிட்டேன். பத்திக்குது, ஆனா தீ அகல் விளக்கு மாதிரிதான் இருக்கு, அரை மணி நேரமாகியும் தோசைக்கல் சூடேறல. என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

ஒஹையோ_பாலா:
எந்த ஸ்டவ்? எங்க மாட்டினீங்க, டேங்க் கிட்டயா இல்ல பாடியில வெளிய நீட்டிட்டிருக்கற அவுட்லெட்லயா? ஸ்டவ்வோட வந்த ரெகுலேட்டர் இருக்கா, கழட்டிட்டீங்களா? இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது ப்ரோ

வடலி:
தம்பி, சிலிண்டர் வால்வை டக்கெண்டு திறந்தனீங்களோ? அப்பிடித் திறந்தா உள்ளுக்க இருக்கிற சேஃப்டி, லீக் எண்டு நினைச்சு காஸைக் குறைச்சுப் போடும். எல்லாத்தையும் பூட்டி ரெண்டு நிமிசம் விட்டு மெல்லமாத் திறந்து பாருங்கோ. எனக்கு கனடா அல்கோன்குயின் பார்க்கில இதேதான் நடந்தது.

மலைக்காத்து:
நைட்டு குளிர்ல கேஸ் உறைஞ்சிருக்கும், சிலிண்டர் மேல கம்பளி சுத்துங்க

ஒஹையோ_பாலா:
@மலைக்காத்து ப்ரொபேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும். நீங்க சொல்றது ப்யூட்டேன், அதுதான் 0 டிகிரி பக்கத்துலயே படுத்துக்கும். நார்த் கரோலினால அந்த குளிர் எங்க இருக்கு. கம்பளி எல்லாம் சுத்தாதீங்க

ஆர்வி_வாத்தியார்:
மாசத்துக்கு ரெண்டு பேர் இதே கேள்வியோட வர்றாங்க, பழைய இழைய தேடிப் படிக்கற பழக்கமே யாருக்கும் இல்ல. கேஸ் லைன்ல கைய வைக்கறதுக்கு முன்னாடி அடிப்படை தெரிஞ்சுக்கணும். முதல்ல பாலா கேட்டதுக்கு பதில் சொல்லுங்க.

சார்லட்வாசி:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். பாடியில வெளிய இருக்கற க்விக் கனெக்ட்ல. ஹோஸ் ஆன்லைன்ல வாங்கினது, ஒரு பக்கம் க்விக் கனெக்ட், இன்னொரு பக்கம் பச்சை சிலிண்டர் மரை. ரெண்டு பர்னர் ஸ்டவ், ரெகுலேட்டர் அதுலயே இருக்கு. டேங்க் ஃபுல். வடலி அண்ணா சொன்ன மாதிரி மெதுவா திறந்தும் பாத்தேன், அதே தீதான்

ஆர்வி_வாத்தியார்:
நினைச்சேன். டேங்க் பக்கத்துல இருக்கற ரெகுலேட்டர் ப்ரெஷர ஏற்கனவே 11 இஞ்ச் தண்ணி உயர அழுத்தத்துக்கு (வாட்டர் காலம்னு சொல்வாங்க), அதாவது சுமார் 0.4 பிஎஸ்ஐக்கு இறக்கிடுது. வெளிய இருக்கற க்விக் கனெக்ட்ல வர்றதும் அதேதான். உங்க ஸ்டவ் பச்சை சிலிண்டர்லேந்து ஹை ப்ரெஷர் வாங்கி தன்னோட ரெகுலேட்டர்ல சுமார் 15 பிஎஸ்ஐக்கு இறக்கி எரியற ஸ்டவ். 15 வேணுங்கற இடத்துல அரை பிஎஸ்ஐ கூட இல்ல, அப்புறம் எப்படி எரியும்? ஊர்ல வீட்டு சிலிண்டர் ரெகுலேட்டர் குடுக்கறதும் கிட்டத்தட்ட இதே ப்ரெஷர்தான், ஆனா அந்த அடுப்புல கேஸ் வெளிய வர்ற ஜெட் ஓட்டை பெருசு. உங்க ஸ்டவ்ல ஊசி முனை அளவுதான்.

கைவேலைக்காரன்:
அப்ப சிம்பிள். ஸ்டவ் ரெகுலேட்டர கழட்டி எறிங்க, ஜெட்ட கொஞ்சமா ட்ரில் பண்ணுங்க, நான் அப்படித்தான் ஓட்டறேன்

ஒஹையோ_பாலா:
தயவுசெஞ்சு இத யாரும் செய்யாதீங்க. ஜெட்ட பெருசாக்கிட்டு என்னிக்காவது மறந்து பச்சை சிலிண்டர மாட்டினா ஆளுயரத்துக்கு தீ அடிக்கும். பக்கத்துல அம்மா நின்னு சமைக்கப் போறாங்க.
வழி ரெண்டு இருக்கு. ட்ரெய்லர் ரெகுலேட்டருக்கு முன்னாடி, டேங்க் வால்வு வாயிலயே ஒரு பித்தளை டீ (T வடிவ ஜாயின்ட்) போட்டா அதுல பச்சை சிலிண்டர் மரையோட ஒரு அவுட்லெட் வரும். அங்கேந்து ஹை ப்ரெஷர் ஹோஸ் இழுத்து ஸ்டவ்வ அதோட ரெகுலேட்டரோடயே மாட்டலாம். இப்ப வச்சிருக்கற க்விக் கனெக்ட் ஹோஸ் இதுக்கு ஆகாது. இல்லன்னா டீயே வேணாம், தனியா ஒரு 20 பவுண்ட் சிலிண்டர், ஒரு அடாப்டர் ஹோஸ், வேலை முடிஞ்சுது. நான் ரெண்டாவதுதான் பண்றேன்

மலைக்காத்து:
மரையில டெஃப்லான் டேப் சுத்த மறக்காதீங்க

வடலி:
வேண்டாம், அந்த மரைகளுக்கு டேப் தேவையில்லை. உள்ளுக்க ரப்பர் சீல் இருக்கு, கையால இறுக்கினாப் போதும். சவர்க்காரத் தண்ணி பூசி குமிழி வருதோ எண்டு பாருங்கோ. வண்டி ஓடேக்க வால்வைப் பூட்டி ஹோஸைக் கழட்டி வையுங்கோ. மழை வந்தாலும் அந்த ஸ்டவ்வை உள்ளுக்க கொண்டு போகாதேங்கோ, காபன் மொனொக்சைட் எண்ட நச்சுக் காஸ் மணக்காது.

கைவேலைக்காரன்:
எதுக்கு இவ்ளோ செலவு, காலி பச்சை சிலிண்டர பெரிய டேங்க்லேந்து நாமளே ஃபில் பண்ணிக்கலாம், அடாப்டர் விக்கறாங்களே

ஆர்வி_வாத்தியார்:
சிலிண்டர் மேல எழுதியிருக்கறத வாழ்க்கையில ஒரு தடவையாவது படிச்சிருக்கீங்களா? 5 லட்சம் டாலர் வரை அபராதம், 5 வருஷம் ஜெயில்.

கைவேலைக்காரன்:
படிச்சிருக்கேன் வாத்தியாரே. ஃபில் பண்ணி வண்டியில கொண்டு போறதுதான் குத்தம்னு போட்டிருக்கு, ஃபில் பண்றதே குத்தம்னு இல்ல

ஒஹையோ_பாலா:
கேம்ப்புக்கு வண்டியில கொண்டு போகாம தலையிலயா தூக்கிட்டு போவீங்க? அந்த வால்வு ஒரு தடவை யூஸுக்குன்னு செஞ்சது, மறுபடி நிரப்பினா கசியும். ஓவர்ஃபில் ஆனா தடுக்கவும் உள்ள ஒண்ணும் இல்ல

மலைக்காத்து:
கலிபோர்னியால 2028 ஜனவரியிலேந்து அந்த சிலிண்டர விக்கவே கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. திரும்ப நிரப்பறதுக்குன்னே செஞ்ச 1 பவுண்ட் சிலிண்டர் கிடைக்குது, அத வாங்கிக்கலாமே

ஆர்வி_வாத்தியார்:
இது தனி இழையில பேச வேண்டிய விஷயம்.

கைவேலைக்காரன்:
ஆரம்பிச்சது நீங்கதான்

சார்லட்வாசி:
டீ போட்டாச்சு, புது ஹோஸும் வாங்கி மாட்டியாச்சு. முதல்ல ஒரு மரையில குமிழி வந்துது, கழட்டி மறுபடி இறுக்கினேன், நின்னுடுச்சு. தீ நீலமா நல்லா வருது, அம்மா தோசை ஊத்திட்டாங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கிளம்பறோம்

புதுஆளு_டல்லஸ்:
சார் எனக்கும் இதே பிரச்சனை. ஹோஸ் எத்தனை அடி வாங்கினீங்க? எங்க ட்ரெய்லர்ல டேங்க் முன்னாடி இருக்கு, சமைக்கற இடம் பின்னாடி