சைக்கிளில் மட்கார்டு மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரிவாசி:

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது, மட்கார்டு பேச்சும் வந்தாகிவிட்டது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது 700×35 டயர் (சக்கர அளவு 700, டயர் அகலம் 35 மி.மீ.) போட்ட ஹைப்ரிட் சைக்கிள், தினமும் கிண்டி வரை ஆபீஸ் ஓட்டம். கியர் சைக்கிள் வாங்கியவர்கள் மழைக்கு முதலில் வாங்குவது சீட்டுக் குழாயில் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் வாலைத்தான். விலை குறைவு, ஸ்பேனர் கூட வேண்டாம். முதுகில் சேற்றுக் கோடு விழாது, அவ்வளவுதான், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. நாலு நாள் மழையில் ஓட்டினால் புரிந்துவிடும், பெரிய தொல்லை முன்சக்கரத்தில் இருக்கிறது. அது அள்ளி வீசுகிற தண்ணீர் நேராக ஷூவிலும் பெடல் அச்சிலும் செயினிலும்தான் விழும். சட்டையை ஆபீஸ் போய் மாற்றிக்கொள்ளலாம், ஈரச் சாக்ஸோடு சாயங்காலம் வரை ஏசியில் உட்கார்ந்து பாருங்கள் தெரியும். செயினில் ஏறுகிற மணல் தனிக் கதை, அது எண்ணெயோடு சேர்ந்து பல்சக்கரத்தை அரைத்துத் தள்ளிவிடும்.

அதனால் முழு நீள மட்கார்டுக்கு மாறினேன். டயரைவிட 10 மி.மீ.யாவது அகலம் கூடுதலாக இருக்க வேண்டும், என் 35 டயருக்கு 45 சரியாக இருக்கிறது. சக்கர அளவையும் பார்த்து வாங்குங்கள், 26 இஞ்ச் எம்டிபிக்கு (மவுண்டன் பைக்) வளைத்தது 700க்கு வட்டம் ஒத்துவராது, எங்காவது ஒரு பக்கம் உரசும்.

மாட்டுவதற்கு அவசரப்படக் கூடாது. டயரில் முழுக் காற்று அடித்துவிட்டு, எல்லா போல்டையும் பாதி மட்டும் முடுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சுற்றிலும் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். மட்கார்டைச் சைக்கிளோடு பிடித்து நிறுத்துகிற ஸ்டே கம்பியின் மிச்ச நீளத்தை அறுக்காமல் விட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கெண்டைக்காலைக் கிழித்துவிடும், அறுத்த முனைக்குக் கூடவே வரும் ரப்பர் தொப்பியைப் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஷூ பாதி நனைந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் கடையில் கிடைக்கும் முன் மட்கார்டுகளில் பல கீழே போதுமான நீளம் இறங்குவதில்லை. ஐந்து லிட்டர் இன்ஜின் ஆயில் கேனின் பக்கச் சுவரை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, கீழே கொஞ்சம் விரிந்த வடிவமாக, இரண்டு ஓட்டை போட்டு, சின்ன நட்டு போல்டு, உள்ளே வெளியே வாஷர் வைத்து மட்கார்டின் அடியில் தொங்கவிட்டேன். தரையிலிருந்து ஒரு கை அகலம் விட்டிருக்கிறேன், அதற்குக் கீழே இறங்கினால் ஸ்பீடு பிரேக்கரில் மடங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய மட்கார்டு பாதி வேலை செய்தது என்றால் காசில்லாத இந்தத் துண்டு மீதியைச் செய்கிறது. ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கிற நாளுக்கு மட்டும் எதுவும் உதவாது, வீட்டில் இருங்கள்.

கரிசல்காட்டான்:

சென்னை ரோட்டுக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணாச்சி. கோவில்பட்டிப் பக்கம் மழை பெய்த மறுநாள் காட்டுப்பாதையில் ஓட்டிப் பாருங்கள், சுண்டுவிரல் இடைவெளி எல்லாம் ஒரு ஃபர்லாங் தாங்காது. கரிசல் மண் டயரில் அப்பி, மக்காட்டுக்கு உள்ளே போய் அடைத்துக்கொண்டு சக்கரம் அப்படியே நின்றுவிடும், தள்ளவும் முடியாது. எங்கள் அப்பா காலத்துப் பெரிய சைக்கிளில் இரும்பு மக்காடு, மண் அடைத்தால் வேப்பங்குச்சியால் குத்தி எடுப்பார், அதற்கும் மசியாவிட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை நடப்பார். நான் இப்போது எம்டிபியில் முன்னால் ஃப்ரேமின் சாய்வுக் குழாயின் அடியில் கட்டுகிற பட்டைத் தகடும் பின்னால் சீட்டுக் குழாய் வாலும்தான் வைத்திருக்கிறேன். கால் நனையும், நனையட்டும், சக்கரம் சுற்ற வேண்டுமே. தார் ரோட்டுக்குள்ளேயே ஓட்டுபவர்கள் முழு மக்காடு போடுங்கள், மண்ணில் இறங்குபவர்கள் யோசித்துப் போடுங்கள்.

கேம்பிரிட்ஜ் மீனா:

நான் இருக்கும் ஊரில் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம், வருஷத்தில் பாதி நாள் ரோடு ஈரம். இங்கே சேற்றைவிடக் குச்சியும் சருகும்தான் ஆபத்து. முன்சக்கரம் ஒரு குச்சியைக் கவ்வி மேலே இழுத்தால் அது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சிக்கி, மட்கார்டு சுருண்டு, சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறிந்துவிடும். இதற்காகவே நல்ல மட்கார்டுகளில் முன்பக்க ஸ்டே கம்பியை ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் செருகி வைத்திருப்பார்கள், அளவுக்கு மீறி இழுத்தால் கம்பி தானாகக் கழன்றுகொள்ளும். ஜெர்மனியின் எஸ்கேஎஸ் செட்டுகளில் அது இருக்கும். எனக்கு ஒரு நவம்பர் மாலை ஆற்றோரப் பாதையில் அப்படிக் கழன்றது, "படக்" என்று ஒரு சத்தம், மட்கார்டு ஒரு பக்கம் சாய்ந்தது, இறங்கிக் குச்சியை உருவிவிட்டுக் கம்பியைத் திரும்பச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாங்கும்போது விலைக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இன்னொன்று. வேளச்சேரி அண்ணா சொன்ன தொங்கும் துண்டு பின் மட்கார்டிலும் வேண்டும், உங்களுக்காக அல்ல, பின்னால் வருபவருக்காக. இங்கே பல சைக்கிள் கிளப்புகளில் குளிர்காலத்தில் அது இல்லாமல் வந்தால் வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். நியாயம்தான், முன்னால் போகிறவர் தெளிக்கும் சேற்றை வாயில் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

புதுசைக்கிள்:

அண்ணா, என்னுடையது முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க், டிஸ்க் பிரேக். முன்சக்கரத்தைத் தாங்கும் அந்த ஃபோர்க்கில் போல்டு போட ஓட்டையே இல்லை. எதை மாட்டுவது? கடையில் கேட்டால் எல்லாம் போடலாம் தம்பி என்கிறார்கள்.

வேளச்சேரிவாசி:

எல்லாம் போட முடியாது தம்பி. சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்ப்பாதி மேலும் கீழும் ஓடுகிறது. மட்கார்டை மேலே கழுத்தில் ஒரு போல்டு, கீழே காலில் ஸ்டே கம்பி என்று கட்டினால் முதல் பள்ளத்திலேயே மடங்கிவிடும். ஒன்று, முழுக்கக் கீழ்ப்பாதியோடு சேர்ந்து அசைகிற மாதிரி அதன் வளைவில் கேபிள் டையால் கட்டுகிற குட்டைத் தகடு. இல்லையென்றால் ஃபோர்க் கழுத்தின் அடிக்குழாயில் விரியும் ரப்பர் அடைப்பு வைத்து மேலே நிற்கிற வகை, அதற்கும் டயருக்கும் நடுவில் ஃபோர்க் முழுக்க அமுங்கும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். இரண்டிலும் ஷூ நனையும்.

பின்னால் முழு நீளம் போடலாம். ஓட்டை இல்லாவிட்டால் குழாயைச் சுற்றி இறுக்கும் பி-கிளிப் கேட்டு வாங்குங்கள், அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் பெயிண்ட் உரியாது. ஓட்டை இருந்தால் செயின் பக்கத்து போல்டைக் கவனியுங்கள். என் சைக்கிளை மாட்டித் தந்த கடையில் 5 மி.மீ. தடிமன் போல்டையே கொஞ்சம் நீளமாகப் போட்டுவிட்டார்கள், முனை உள்ளே நீட்டிக்கொண்டு, செயின் கடைசிச் சின்னப் பல்லுக்கு வரும்போதெல்லாம் "டிக் டிக்" என்று தட்டியது. திரும்பக் கொண்டுபோனால் கியர் கம்பியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு டிரெய்லர் (செயினைப் பல் மாற்றித் தள்ளுகிற டிரெயிலர்) போச்சு சார், புதிதாகப் போடணும் என்றார்கள். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது போல்டு முனையில் பளபளவென்று தேய்ந்த தடம். வெளிப்பக்கம் இரண்டு வாஷர் சேர்த்தேன், சத்தம் நின்றது. டிஸ்க் பிரேக் பக்கத்தில் ஸ்டே கம்பி காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வுகிற பிரேக் பகுதி) இடித்தால் கம்பியை லேசாக வெளியே வளைத்துக்கொள்ளலாம், காலிப்பர் போல்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.