அக்காவின் பழைய வீடியோக்களை நீக்க வழி சொல்லுங்க

வணக்கங்க. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த என் பெரியம்மா மகள், 2020 ஊரடங்கில் வேலை போனதும், கடனை அடைக்க ஒரு கட்டணத் தளத்தில் தன் அந்தரங்க வீடியோக்களைப் போட்டார். ஆறே மாதத்தில் நிறுத்தியும் விட்டார். யாரோ பதிவிறக்கிப் பரப்ப, போன மாதம் நிச்சயித்த கல்யாணம் நின்றது. ஊர் நோம்பிக்குக்கூட வர மாட்டேன் என்கிறார். பார்த்தவர்களுக்கு இல்லாத அவமானம் அவருக்கு மட்டும் எதற்கு?

அனுமதியில்லாமல் பரவும் அந்தரங்கப் படங்களைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ தளத்தில், அந்த வீடியோக்களின் ஹாஷ் (கைரேகை மாதிரியான டிஜிட்டல் குறியீடு) கொடுத்தோம். அதில் சேர்ந்த தளங்கள் மட்டுமே தடுக்குமாம். மற்றவற்றில் எப்படி நீக்குவது? சைபர் கிரைமில் புகார் கொடுத்தால், பாலியல் காட்சிகளை இணையத்தில் வெளியிடுவதைக் குற்றமாக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவு அவர் மேலேயே திரும்புமோ என்று பயம். ஈரோடு, கோவைப் பக்கம் விவரம் தெரிந்த பெண் வக்கீல் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க. அறிவுரை மட்டும் வேண்டாங்க, அவர் சரியாகச் சாப்பிட்டே இரண்டு நாளாகிறது.