மண்டையோட்டு எலும்பை எடுத்தபின் முதுகுவழி நீர் வடித்தல்: உயிராபத்து எப்படி வருகிறது?

கேள்வி:
வணக்கம். விபத்தில் தலையில் அடிபட்ட என் தம்பிக்கு மூளை வீங்கியதால், வலப்பக்க மண்டையோட்டு எலும்பை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். இப்போது தையல் வழியே நீர் கசிவதால், இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே குழாய் செருகி மூளைத் தண்டுவட நீரைச் சில நாள்கள் வடிக்க வேண்டும் என்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் ‘அரிதாக உயிராபத்து’ என்று இருக்கிறது. தொற்று வரலாம் என்பது புரிகிறது. நீரை வடிப்பதால் உயிர் போகுமா?

பதில் 1 (நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்):
அரிதுதான், ஆனால் போகக்கூடும். எலும்பு இல்லாத இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தோல் வழியாக நேரே மூளையின்மேல் விழுகிறது. கீழே நீர் அளவுக்கு மீறி வடிந்தால் முதுகுப் பக்க அழுத்தம் குறைந்து, மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, மூச்சையும் இதயத்துடிப்பையும் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு நசுங்குகிறது. எலும்பற்ற இடம் குழிவது, அயர்ச்சி கூடுவது, ஒரு கண்ணின் பாவை விரிவது, நாடி மெதுவாவது ஆகியவை இதன் அறிகுறிகள்.

இதில் ஏமாறுவதற்கு இடம் அதிகம். குழிவைத் தவிர மற்றவை மூளை வீக்கத்திலும் வருவதால், வழக்கம்போல் மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தைக் கொடுத்துத் தலைமாட்டை உயர்த்தினால் நிலைமை மோசமாகும். இங்கே குழாயை மூடி, நோயாளியைத் தட்டையாகவோ தலை தாழவோ கிடத்தி, நரம்புவழித் திரவம் ஏற்ற வேண்டும். நிலையான தீர்வு, எலும்பைத் திரும்பப் பொருத்துவதே. எலும்பை எடுத்தவர்களுக்கு வரும் தலைவலியையும் தலைச்சுற்றலையும் கிராண்ட், நார்கிராஸ் என்ற மருத்துவர்கள் 1939-லேயே விவரித்திருக்கிறார்கள். அந்தத் தொல்லைகளின் கடுமையான எல்லை இது எனலாம்.

பதில் 2 (செவிலியர்):
பெரியவர்களுக்கு மொத்த நீரே சுமார் 150 மி.லி.தான், நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது. ஆகவே மணிக்கு 10 மி.லி. போலக் கணக்காகவே வடிப்போம். வடிகலத்தின் உயரத்தை நோயாளியின் கிடைநிலையை வைத்துத்தான் அமைக்கிறோம். உடனிருப்பவர்கள் எங்களிடம் சொல்லாமல் கட்டிலை உயர்த்தினாலோ, நோயாளியை உட்கார வைத்தாலோ, சில நிமிடங்களில் நிறைய வடிந்துவிடும். குழாயை முதலில் மூடியபிறகே புரட்டவோ நிமிர்த்தவோ வேண்டும்.

கேட்டவர்:
நன்றி, சிஸ்டர். இப்போதே தலைமாடு 30 டிகிரி உயர்ந்திருக்கிறது. இறக்கச் சொல்லலாமா?

பதில் 1:
நீங்களாக இறக்க வேண்டாம். வீக்கம் இருக்கும்வரை அந்த உயரம் தேவைப்படலாம். கையெழுத்திடும் முன், மூளையின் அடிப்பகுதியில் நீர் நிற்கும் இடைவெளிகள் சி.டி. ஸ்கேனில் திறந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். அவை அடைந்திருந்தால் வீக்கமே மூளையைக் கீழே தள்ளும் நிலை என்பதால் முதுகுவழி வடித்தல் பொதுவாகத் தவிர்க்கப்படும். மணிக்கு எவ்வளவு என்ற வரம்பையும், இரவில் அதைப் பார்ப்பவர் யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழாயை எடுத்தபின்னும் துளைவழிக் கசிவு தொடரக்கூடும்; தலையில் அந்த இடம் புதிதாகக் குழிவதைக் கண்டால், எத்தனை நாள் கழித்து என்றாலும், உடனே சொல்லுங்கள்.